ஓடில்லா நத்தையும் ஒன்பதரை மணி டார்ச்சும்

வீட்டுத்தோட்டம்: வாசகர் கேள்வி – டீச்சர் பதில்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், எனக்கு வரும் கடிதங்களின் நிறமே மாறிவிடும். கோடையில் மாவுப்பூச்சி, மார்கழியில் ரோஜா, இப்போது நத்தை. இந்த முறை வந்தவற்றில் அதுதான் அதிகம் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். முருங்கையில் கம்பளிப்பூச்சி என்று எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மொட்டை மாடியில் குரோபேக்கில் சிறுகீரையும் தண்டுக்கீரையும் விதைத்தேன், டீச்சர். இரண்டு இலை விட்டதும் ஒரே இரவில் காணாமல் போய்விட்டது. வெறும் காம்புதான் நிற்கிறது. பகலில் தேடினால் ஒரு புழுகூட இல்லை. வேப்பெண்ணெய் மூன்று முறை அடித்தாயிற்று. மாடிக்கு எதுதான் ஏறி வரும்?
— வாசகி, தாம்பரம்

பகலில் தேடினால் கிடைக்காது. நானும் இப்படித்தான் ஒரு வருடம் ஏமாந்தேன்.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கத்தரி நாற்று விட்டிருந்தேன். தினம் காலையில் நாலைந்து நாற்று குறையும். நான் அணில் என்றேன். வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் கோழி என்றார். கோழிக்காரரோடு அவருக்கு இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல்கூடப் போனது. ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்குக் கொடியில் மறந்துவிட்ட துண்டை எடுக்க டார்ச்சோடு போனேன். வெளிச்சம் நாற்றுப் பாத்தியில் விழுந்தது. அணிலும் இல்லை, கோழியும் இல்லை. கறுப்பும் பழுப்புமாக, விரல் நீளத்தில், தட்டையாக ஏழெட்டு உருப்படிகள் நாற்றின் மேல் படுத்திருந்தன.

முதலில் அட்டை என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் தோல் பழைய செருப்புத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது. முதுகின் நடுவில் தலையிலிருந்து வால் வரை வெளிர்நிறத்தில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது போல. ஈர்க்குச்சியால் தொட்டேன். கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டு, உடம்பைச் சுருக்கிக் கோட்டுப் பொத்தான் மாதிரி வட்டமாகிவிட்டது. இதுதான் ஓடில்லா நத்தை. நத்தை இனம்தான், முதுகில் வீடு மட்டும் கிடையாது. நம் சமவெளித் தோட்டங்களில் அதிகம் காணப்படும் இந்த வகையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. வெயில் அடித்தால் மண்ணுக்குள் போய்விடும். அதனால்தான் பகலில் தேடுபவர்களுக்கு அகப்படுவதில்லை.

உங்கள் மாடியிலும் இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பளிப்பூச்சி தின்றால் கீழே கடுகு கடுகாக எச்சம் கிடக்கும். வெட்டுக்கிளி பெரும்பாலும் இலையின் ஓரத்திலிருந்து கடித்து வரும். எலி என்றால் மண்ணைத் தோண்டியிருக்கும். நத்தை கடிப்பதில்லை, சுரண்டுகிறது. அதன் நாக்கில் ஆயிரக்கணக்கில் நுண்ணிய பற்கள் உண்டு, தேங்காய்த் துருவியை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் இலை நடுவில் தாறுமாறாக ஓட்டை விழும். இளம் நாற்று என்றால் முழுசாகவே போய்விடும். பையின் விளிம்பிலும் தரையிலும் பசை காய்ந்த மாதிரி பளபளவென்று ஒரு தடம் இருக்கிறதா பாருங்கள்.

மாடிக்கு எப்படி வந்தது? சுவரில் ஏறியும் வரும். ஆனால் பெரும்பாலும் நாமே தூக்கி வந்திருப்போம். நர்சரியில் வாங்கிய செடியின் மண்ணில், தொழுஉரத்தில், ஈரமான தேங்காய் நார்க்கழிவில் முட்டையாக வரும். ஜவ்வரிசி வெந்தது போலக் கொத்தாகவோ, மணி கோத்தது போலச் சுருளாகவோ மண்ணுக்குள் ஏதாவது பார்த்திருந்தால் அது உரத்தோடு வந்த குருணை இல்லை.

இனி செய்ய வேண்டியது. பைகள் தரையோடு ஒட்டி இருந்தால் அடியில் எப்போதும் ஈரமும் இருட்டும் இருக்கும். அதுதான் அவற்றின் பகல் வீடு. ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றி, அடியில் காற்றும் வெளிச்சமும் போகும்படி வையுங்கள். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, ஓரத்தில் குவித்த காலிச் சாக்கு, உடைந்த தொட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். சாயங்காலம் தண்ணீர் விடும் பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றுங்கள். இரவில் மேல்மண் காய்ந்திருந்தால் அவற்றால் அதிக தூரம் நகர முடியாது. இந்த ஒரு மாற்றமே பாதி வேலை செய்யும்.

அப்புறம் டார்ச். இரவு ஒன்பதிலிருந்து பத்துக்குள், பத்து நாள் தொடர்ந்து போங்கள். கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ளுங்கள், அல்லது சமையலறைக்கு இனி வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு இடுக்கியை வைத்துக்கொள்ளுங்கள். பொறுக்கியதைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். நான் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: முதல் நாள் 31, அடுத்த நாள் 22, மூன்றாம் நாள் மழை பெய்ததால் 26, ஆறாம் நாள் 11, பத்தாம் நாள் 4. அதற்குப் பிறகு நட்ட நாற்று நின்றது. முட்டை பொரித்து அடுத்த கூட்டம் வரும் என்பதால் மூன்று வாரம் கழித்து இன்னொரு சுற்று போனேன்.

இரவில் மாடியேற முடியாதவர்கள் ஒரு கோணிச்சாக்கை நனைத்து, அதற்கடியில் முட்டைக்கோஸின் மேல் இலைகளையோ பப்பாளி இலையையோ போட்டு வையுங்கள். விடிந்ததும் சாக்கைப் புரட்டினால் எல்லாம் அங்கே கூடியிருக்கும். வெயில் ஏறும் முன் புரட்ட வேண்டும். புரட்டாமல் விட்டால் அவற்றுக்கு ஒரு லாட்ஜ் கட்டிக் கொடுத்த கணக்குதான்.

வேப்பெண்ணெய் பூச்சிக்கு. நத்தை பூச்சி இல்லை.

முட்டை ஓட்டை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போட்டால் நத்தை தாண்டாது என்கிறார்களே? காபி டிக்காஷன் சக்கையும் போடலாமாமே? உப்பு தூவினால் உடனே செத்துவிடுகிறது, அதையே செய்யலாமா?
— மூன்று வாசகர்கள்: திருச்சி, மதுரை, புதுச்சேரி

மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முட்டை ஓடு உரத்துக்கு நல்லது, வேலிக்கு ஆகாது. என் வீட்டில் கூர்மையாக நொறுக்கி வட்டம் போட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பிராணி வழுவழுப்பைச் சுரந்து, அதன் மேலேயே பாய் விரித்தது போல நடந்து போனது. எனக்குத்தான் கொசு கடித்தது மிச்சம். இங்கிலாந்தின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018-இல் இதை முறையாகவே சோதித்தது. முட்டை ஓடு, கூரான மணல், செம்பு டேப், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை என்று ஐந்து விதத் தடுப்புகளை லெட்யூஸ் கீரையைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள். தடுப்பு இருந்த செடிக்கும் இல்லாத செடிக்கும் சேதத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. செம்பு டேப் விலை தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு மிச்சமாகும் காசில் நல்ல டார்ச் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஓடுள்ள நத்தைக்குத் தன் ஓட்டை வளர்க்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதைச் சுற்றி முட்டை ஓட்டைத் தூவுவது விருந்தாளிக்கு அப்பளம் வைப்பது போல.

காபி விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஹவாய்த் தீவில் வேண்டாத தவளைகளை ஒழிக்கக் காஃபின் கரைசலைத் தெளித்துப் பார்த்தார்கள். அப்போது ஓடில்லா நத்தைகள் சாவதைக் கவனித்து, ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஆனால் அங்கே பயன்படுத்தியது 1 முதல் 2 சதவீதக் கரைசல். நாம் குடிக்கும் ஒரு கப் கறுப்புக் காபியில் இருப்பது சுமார் 0.05 சதவீதம்தான். டிக்காஷன் இறக்கிய பிறகு சக்கையில் என்ன பெரிதாக மிஞ்சப் போகிறது? சக்கையை மக்கவிட்டு உரமாக்குங்கள். அந்த அளவு அடர்த்தியில் தெளித்தால் இலையும் கருகும்.

உப்பு கொல்லும், சந்தேகமில்லை. உடம்பிலிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். மாவடுவில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறதே, அதே கதை. ஆனால் அந்த உப்பு மண்ணிலேயே தங்கும். குரோபேக்கில் இரண்டு பிடி மண்தான் இருக்கிறது. நத்தைக்கு முன்னால் கீரை போய்விடும். உப்பு வாளிக்குள் இருக்கட்டும்.

பீர் ஊற்றி வைத்தால் நத்தை வந்து விழும் என்று வீடியோவில் பார்த்தேன். வீட்டில் மாமியார் மாமனார் இருக்கிறார்கள், பீர் என்று சொல்லவே முடியாது. மாற்று உண்டா?
— வாசகி, கும்பகோணம்

உண்டு. நத்தை பீருக்காக வருவதில்லை, ஈஸ்ட் புளித்த வாசனைக்கு வருகிறது. வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் மைதா கரைத்து ஒரு மணி நேரம் வைத்தால் நுரைத்து வரும். மாமியார் கேட்டால் பன் சுடப் போகிறேன் என்று சொல்லலாம்.

நான் முதலில் சிக்கனமாகப் புளித்த தோசைமாவை நீர்க்கக் கரைத்துச் சிரட்டையில் வைத்தேன். வந்தன, ஆற அமர நக்கின, போய்விட்டன. சிரட்டையின் சரிவு அவற்றுக்குப் படிக்கட்டு. ஆழமான தயிர் டப்பாதான் சரி. விளிம்பு மண்ணுக்கு மேலே ஒரு விரல்கடை நிற்கும்படி புதையுங்கள், இல்லையென்றால் நல்லது செய்யும் வண்டுகளும் விழுந்துவிடும். மழைத் தண்ணீர் விழாமல் மேலே ஒரு உடைந்த ஓட்டைச் சாய்த்து வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்; மறந்தால் அந்த நாற்றம் மாமியாரை நிச்சயம் வரவழைக்கும்.

ஒரு டப்பா இரண்டு மூன்று அடிச் சுற்றளவுக்குத்தான் வேலை செய்யும். பெரிய தோட்டத்தை இதை வைத்துக் காப்பாற்ற முடியாது. நாற்றுத் தட்டுக்குப் போதும்.

உரக்கடையில் நத்தை மருந்து என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். மேலே பெயர்கூட இல்லை. வீட்டில் நாய் இருக்கிறது. போடலாமா?
— வாசகர், கோவை

போடாதீர்கள். பெயரில்லாத பொட்டலத்தை எதற்காகவும் வாங்காதீர்கள்.

நத்தைக்கென்று நம் நாட்டில் அதிகம் விற்பது மெட்டால்டிஹைடு, 2.5 சதவீதக் குருணை. நத்தையை நன்றாகவே கொல்லும். சிக்கல் என்னவென்றால் நத்தை வர வேண்டும் என்பதற்காகத் தின்பண்ட வாசனையோடு செய்கிறார்கள். நாயும் அதைத் தின்பண்டம் என்றே நினைக்கும். தின்றால் உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், காய்ச்சல் ஏறும். இதற்கென்று தனியாக முறிவு மருந்தும் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு லாப்ரடார் ஒரு பிடி தின்றுவிட்டு, கால்நடை மருத்துவரிடம் இரண்டு நாள் கிடந்து பிழைத்து வந்தது. பிரிட்டனில் 2022 ஏப்ரலிலிருந்து திறந்த வெளியில் இதைப் பயன்படுத்தவே தடை.

இரும்பு பாஸ்பேட் குருணை என்று ஒன்று உண்டு. அதைத் தின்ற நத்தை மேற்கொண்டு எதையும் தின்னாமல், சில நாளில் மண்ணுக்குள் போய்ச் சாகும். வெளியே பிணம் தெரியாது. பலன் இல்லை என்று நினைத்து இன்னும் அள்ளிப் போடுபவர்கள் உண்டு. மெட்டால்டிஹைடைவிட ஆபத்து மிகவும் குறைவு, அதற்காகக் கிண்ணத்தில் வைத்து நாயிடம் கொடுக்கக் கூடாது. எங்கள் ஊர்க் கடையில் கேட்டேன், கடைக்காரர் இரும்புச் சத்து டானிக்கா என்று கேட்டார்.

நாய் இருக்கும் வீட்டில் என் ஓட்டு டார்ச்சுக்குத்தான்.

எங்கள் சுற்றுச்சுவர் முழுக்கக் கைமுட்டி அளவு நத்தை. பப்பாளிக் கன்று, வாழைக் குருத்து, கேந்திச் செடி எதையும் விடுவதில்லை. போதாக்குறைக்குச் சுவரில் அடித்த சுண்ணாம்பையும் நக்குகிறது. எங்கள் தாத்தா காலத்தில் இப்படி இல்லையே டீச்சர்?
— வாசகர், மார்த்தாண்டம்

இது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆப்பிரிக்கன் ஒச்சு என்று சொன்னாலே மக்கள் தலையில் கை வைப்பார்கள். சுவரை நக்குவது, முன்னே சொன்னபடி ஓடு வளர்க்கச் சுண்ணாம்பு தேடும் கணக்குதான்.

இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் பென்சன் என்ற வெள்ளைக்காரர். நத்தை ஓடுகளை ஆராய்வதில் ஆர்வம் உள்ளவர். 1847-இல் மொரீஷியஸிலிருந்து சிலவற்றைக் கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார். அங்கிருந்து செடியோடும் மண்ணோடும் மரத்தடியோடும் பயணம் செய்து நாடெங்கும் பரவிவிட்டது. இலங்கைக்கு 1900-இல் போய்ச் சேர்ந்தது. ஒருவருடைய பொழுதுபோக்கு, நூற்றெழுபது வருடம் கழித்து உங்கள் பப்பாளியைத் தின்கிறது.

ஒரு நத்தை ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆண் பெண் என்று தனித்தனியாகக் கிடையாது, ஒவ்வொன்றும் இரண்டுமே. அதனால் நீங்கள் ஒருவர் மட்டும் பொறுக்கினால் நடக்காது. பக்கத்து நான்கு வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிவிட்டு, வாளிக்கு ஒரு ஐஸ்கிரீம் என்று பேசி முடித்தோம். செலவு கையைக் கடித்தது, பலன் இருந்தது.

அடர்த்தியான உப்புத் தண்ணீரில் போட்டு, செத்த பிறகு செடி இல்லாத மூலையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். வாளித் தண்ணீரைத் தென்னை மூட்டில் கொட்டாதீர்கள். மிதித்து நசுக்க வேண்டாம், நாற்றமும் ஈயும் தாங்காது. சாலையோரத்தில் வீசினால் அடுத்த தெருவுக்கு நீங்கள்தான் பென்சன்.

மழையில் பொறுக்குவதைவிடக் கோடையில் தேடுவதுதான் சாமர்த்தியம். ஏப்ரல், மே மாதங்களில் கற்குவியல், ஓலைக் குவியல், மரப் பொந்து, சுவரிடுக்கு எல்லாவற்றிலும் வாயை மூடி ஒட்டிக்கொண்டு தூங்கும். அப்போது எடுக்கும் ஒவ்வொன்றும் ஐப்பசியில் சில நூறு குறைவு.

குன்னூரில் ஸ்ட்ராபெரி வைத்திருக்கிறேன். சிவக்கும் முன்பே சாம்பல் நிறச் சின்ன நத்தை குடைந்துவிடுகிறது. பழத்துக்கு அடியில் வைக்கோல் போடலாமா?
— வாசகி, குன்னூர்

போட்டால் பழத்தில் மண் படாது, நத்தைக்கும் படுக்கை கிடைக்கும். உங்கள் ஊர் ஈரத்துக்கு வைக்கோலே வேண்டாம். தொங்கும் கூடைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் பாதிக்கு மேல் சிவந்ததை மறுநாள் காலைக்கு விடாமல் சாயங்காலமே பறித்துவிடுங்கள்.

கீரையில் நத்தை ஊர்ந்த தடம் இருக்கிறது. அலசிவிட்டுச் சமைக்கலாமா? குழந்தை நத்தையைக் கையில் வைத்து விளையாடினான், பயமாக இருக்கிறது.
— வாசகி, சேலம்

சமைத்தால் பயமில்லை. பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினா, லெட்யூஸ், முள்ளங்கி இலை இவற்றில்தான் கவனம் வேண்டும். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழுவின் குஞ்சுகள் நத்தையின் உடம்பில் வளரும். சின்ன நத்தை ஒன்றைத் தெரியாமல் பச்சைக் கீரையோடு விழுங்கிவிட்டால் அது மூளைச்சவ்வு வரை போய்க் காய்ச்சல் உண்டாக்கலாம். அபூர்வம்தான், நம் நாட்டிலும் பதிவாகியிருக்கிறது. இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவுங்கள். தடம் பட்ட இலையைத் தூரப் போடுங்கள். குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் போதும். வாயில் வைத்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கொல்ல மனசு வரவில்லை. வேறு வழியே இல்லையா?
— வாசகர், திருவண்ணாமலை

எனக்கும் வாளியைப் பார்க்கும்போது நெஞ்சு ஒரு மாதிரிதான் ஆகும். எல்லா நத்தையும் எதிரியும் இல்லை. பல வகைகள் மக்கிய இலையையும் பூஞ்சணத்தையும் தின்று மண்ணாக்குபவை. நான் மேலே சொன்ன அதே இங்கிலாந்துச் சங்கம், அங்கே இருக்கும் 44 வகை ஓடில்லா நத்தைகளில் 9 மட்டுமே தோட்டச் செடியைத் தின்பவை என்று சொல்லி, 2022-இல் அவற்றைப் பூச்சி புழுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

உங்களுக்கு நாற்றைக் காப்பதுதான் வேலை. ஐந்தாறு இலை விட்டுத் தண்டு கெட்டியாகிவிட்டால் ஒன்றிரண்டு கடியைச் செடி தாங்கும். அதுவரை நாற்றுத் தட்டை ஒரு முக்காலி மேல் வைத்து, எறும்பு ஏறாமல் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்வோமே, அது போல நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். எனக்கு இது வருடா வருடம் பலிக்கிறது. கிண்ணத்துத் தண்ணீரை மட்டும் மூன்று நாளுக்கு ஒரு முறை கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு வளர்ப்பீர்கள்.

கொல்லும் பாவத்தை ஏற்றுக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். தேரையை விரட்டாதீர்கள். மின்மினியின் புழு நத்தையை மயக்கித் தின்பது. தோட்டத்தில் இரவெல்லாம் விளக்கு எரிந்தால் மின்மினி வராது. எங்கள் வேலியில் ஒரு செம்போத்து வருகிறது. நத்தையைக் கவ்விக்கொண்டு போய்ப் புதருக்கடியில் வைத்துக் கொத்தும். தினம் ஏழு மணிக்கு, நான் காபி குடிக்கும் நேரத்துக்கு. பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்திய மறுவருடம்தான் அது வர ஆரம்பித்தது.

நத்தை ஏன் மழைக்கு மட்டும் வெளியே வருகிறது? அது கால் இல்லாமல் எப்படி நடக்கிறது?
— ஏழாம் வகுப்பு மாணவன், விருதுநகர்

அதன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். நம்மைப் போல அதன் தோல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. வெயிலில் வந்தால் காய்ந்துவிடும், அதனால் ஈரம் வரும்வரை காத்திருக்கிறது.

நடப்பதை நீயே பார்க்கலாம். பெரிய ஆப்பிரிக்க நத்தை வேண்டாம். சுவரில் இருக்கும் சின்ன நத்தை ஒன்றை, கையில் உறையோடு எடுத்து, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலுக்குள் ஒட்டவிடு. வெளிப்பக்கமிருந்து அதன் அடிப்பாதத்தைப் பார். மெல்லிய நிழல் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அலை மாதிரி ஓடும். அந்த அலைதான் அதன் நடை. பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அலை தலையிலிருந்து வாலுக்கு ஓடுகிறதா, வாலிலிருந்து தலைக்கு ஓடுகிறதா என்று பார்த்து எனக்கு எழுது.